24 வோல்ட் பெட்டிக்கும் வயதாகிறது

திண்டுக்கல்லிலிருந்து கரூர் சாலையில் வேடசந்தூரைத் தாண்டியும், மறுபக்கம் ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு என்றும் பரந்து கிடக்கும் நூற்பாலைகளில் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பாகத்தை எப்போது மாற்றுவது என்பதற்குக் கறாரான கணக்கு வைத்திருப்பார்கள். டிராவலருக்கு நாள் கணக்கு, காட்ஸ் உருளைகளுக்கு பஃபிங் கணக்கு, ஸ்பிண்டில் ஆயிலுக்கு மணிக்கணக்கு. அந்தக் கணக்கு நோட்டில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு பொருள் இருக்கிறது. நூல் நூற்கும் ரிங் ஃபிரேமின் கடைக்கோடிப் பேனலுக்குள், பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கருவிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் சிறிய எஸ்.எம்.பி.எஸ். பெட்டி. ஈ.பி. கரண்டை 24 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருவது அதன் வேலை. எந்திரத்தின் மூளையான பி.எல்.சி., கண்ணாக இருக்கும் சென்சார்கள், மோட்டாரை இணைக்கும் ரிலேக்கள் எல்லாம் அந்த 24 வோல்ட்டில்தான் உயிர் வைத்திருக்கின்றன.

இந்தப் பெட்டிகளில் ஏராளமானவை இப்போது ஆயுள் கடந்து ஓடுகின்றன. காரணத்தைத் தேடினால் ஒரு தேதியில் போய் நிற்கும். 1999 ஏப்ரல் 1-ல் மத்திய அரசு ஜவுளித் தொழிலுக்கான தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தைக் கொண்டுவந்தது. கடன் வட்டியில் 5 சதவீதத்தை அரசே ஏற்றது. 2004 டிசம்பரோடு உலக ஜவுளி வணிகத்தின் கோட்டா முறை முடிந்தபோது ஏற்றுமதி நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. தமிழ்நாட்டு மில்கள் புது எந்திரங்களை வரிசையாக இறக்கிய காலம் அது. அன்று புதிதாக வந்தவற்றுக்கு இன்று வயது பதினைந்திலிருந்து இருபத்தைந்து. இரும்பு நன்றாகவே இருக்கிறது. எண்ணெய் விட்டு, தேய்ந்ததை மாற்றினால் இன்னும் பத்து வருடம் நூல் நூற்கும். மின்னணுப் பாகத்துக்கு அந்த ஆயுள் கிடையாது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் முதலில் சாவது எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். உருளை வடிவ அலுமினியக் குப்பிக்குள் ஈரமான மின்பகு திரவம் இருக்கும். சூட்டில் அது மெல்ல வற்றும். பொறியாளர்கள் கையாளும் கணக்கு எளியது: வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு, 10 டிகிரி கூடினால் பாதி. குப்பியின் மேல் "105 டிகிரி, 2,000 மணி" என்று அச்சிட்டிருந்தால் அது 65 டிகிரியில் சுமார் 32,000 மணி நேரம் தாங்கும். கேட்பதற்குப் பெரிய எண். ஆனால் மூன்று ஷிப்ட் ஓடும் மில்லில் ஓர் ஆண்டு என்பது 8,760 மணி. அப்படியானால் நான்கு வருடம்கூட இல்லை. அதையே 55 டிகிரியில் வைத்திருந்தால் ஏழு வருடத்துக்கு மேல் வரும். 5,000 மணி என்று அச்சிட்ட உயர்தரக் குப்பியாக இருந்தால் அதே 55 டிகிரியில் பதினெட்டு வருடம்.

65 டிகிரி என்பது மிகைப்படுத்திய கணக்கு இல்லை. திண்டுக்கல் சமவெளியில் சித்திரை, வைகாசியில் வெளியிலேயே 40 டிகிரியை ஒட்டி அடிக்கும். ஹியுமிடிஃபிகேஷன் பிளாண்ட் ஓடுவதால் கூடம் முப்பதுகளில் இருக்கலாம். மூடிய பேனலுக்குள், அதிலும் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் உமிழும் சூட்டில், 45 எளிதாக வந்துவிடும். பெட்டி தன் பங்குக்கு 20 டிகிரி சேர்க்கும். இதற்கு மேல் பஞ்சு. பேனல் விசிறியின் ஃபில்டரில் பறக்கும் பஞ்சு படிந்து கம்பளம்போல் அடைத்துவிட்டால் உள்ளே காற்றோட்டமே இல்லை. அதைச் சுத்தம் செய்கிறேன் என்று கம்ப்ரசர் காற்றை அடிப்பவர்கள் நிறைய. அந்தக் காற்றில் எண்ணெயும் நீர்த்துளியும் கலந்திருக்கும். அது பஞ்சைப் போர்டுகளின் இடுக்கிலேயே திணித்து ஒட்டவைக்கிறது. உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் கிளீனர்தான் இதற்குச் சரி.

எந்திரங்கள் வாங்கிய அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், முக்கியமாகத் தைவானில் தயாரான எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் பல, திரவத்தின் சேர்மானம் பிழையாக இருந்ததால் உலகெங்கும் உரிய காலத்துக்கு முன்பே உப்பி வெடித்தன. இதற்காக டெல் நிறுவனம் 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. ஆகவே அக்காலத்துப் பேனல் கையில் இருப்பவர் மின்சாரத்தைத் துண்டித்து, மின்னேற்றம் இறங்கும்வரை காத்திருந்து, பெட்டிக்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். குப்பியின் தலை உப்பியிருந்தாலோ அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அன்றே மாற்ற வேண்டியதுதான்.

பெட்டி ஒரேயடியாகச் செத்துப்போனால் நல்லது என்றே சொல்வேன். எந்திரம் நிற்கும், எலக்ட்ரீஷியன் வருவார், மாற்றுவார். அது பாதி உயிரோடு கிடப்பதுதான் அபாயம். மல்டிமீட்டரை வைத்தால் 24.1 வோல்ட் காட்டும். ஆனால் அந்த நேர்மின்சாரத்தின் மேல் ஓர் அலைவு ஏறியிருக்கும். மீட்டரை ஏ.சி.க்கு மாற்றிப் பார்த்தால்தான் அது தெரியும். நல்ல பெட்டியில் சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் அடங்க வேண்டியது நூறுகளைத் தாண்டி நிற்கும். அதன் விளைவு வேறெங்கோ வெளிப்படும். காரணமில்லாமல் "சென்சார் பிழை" வரும், திரை மினுங்கும், எந்திரம் இரவில் மட்டும் நிற்கும். சென்சாரை மாற்றுவார்கள், கேபிளை மாற்றுவார்கள், விலையுயர்ந்த கார்டையும் மாற்றுவார்கள். பெட்டி கடைசியாகத்தான் சந்தேகப்படப்படும்.

ரிலேக்களின் கதை இன்னும் மோசம். ஒரு ரிலே இழுத்துக்கொள்ள வேண்டிய வோல்ட்டேஜ் ஒன்று, விடும் வோல்ட்டேஜ் அதைவிடக் குறைவு. 24 வோல்ட் தள்ளாடி இந்த இரண்டுக்கும் நடுவில் அலையும்போது எது விடும், எது பிடித்துக்கொண்டிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் ஃபிரேம் ஓரம் நின்று, அறுந்த இழையைக் கையால் எடுத்து ஒட்டிக்கொண்டிருப்பது இரவு ஷிப்டில் வந்த ஒரு பெண். பழுதை உற்பத்தி இழப்பாக மட்டும் கணக்கிடும் நிர்வாகங்கள் அந்தக் கைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி வெளியிலிருந்து வரும் கரண்ட். 2008 இறுதியில் தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாடு கண்ட மின்வெட்டில், உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்கு 40 சதவீதம் வரை வெட்டு இருந்தது. மில்களெல்லாம் ஜெனரேட்டர் வாங்கின. கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் சில நொடிகள் போகும். எந்திரம் நிற்கும், மறுபடி தொடங்கும். ஒவ்வொரு தொடக்கத்திலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் ஒரு பாய்ச்சல். அந்தப் பெட்டிகள் பட்ட அடி அது.

இன்று அந்த அளவு வெட்டு இல்லை. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியே தென்மாநில மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்போடு இணைந்தது. ஆனால் கண் இமைக்கும் நேரத்துச் சரிவுகள் நீங்கவில்லை. ஆடிக்காற்றில் கிளை கம்பியில் உரசும், கோடை மழையில் இடி இறங்கும், எங்கோ ஒரு ஃபீடர் விழுந்து எழும். விளக்கு ஒருமுறை மங்கித் தெளியும், அவ்வளவுதான். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி 20 மில்லிநொடி. புதிய எஸ்.எம்.பி.எஸ். பொதுவாக அந்த ஒரு சுழற்சி அளவுதான் மூச்சுப் பிடித்துத் தாங்கும். கெப்பாசிட்டர் வற்றிய பழைய பெட்டிக்கு அதுவும் முடியாது. 2010 டிசம்பர் 8-ல் ஜப்பானின் யோக்காயிச்சி நகரில் 0.07 நொடி வோல்ட்டேஜ் சரிந்தது. அங்கிருந்த தோஷிபாவின் மெமரி சிப் ஆலை நின்றது, அடுத்த இரண்டு மாதங்களுக்கு அங்கிருந்து போகும் சரக்கு 20 சதவீதம் வரை குறையலாம் என்று நிறுவனமே அறிவித்தது. அவ்வளவு பாதுகாப்பு ஏற்பாடு செய்த ஆலைக்கே அந்த நிலை.

பல மில்களில் ஆபீஸ் கணக்கு கம்ப்யூட்டருக்கு யூ.பி.எஸ். இருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கதிர்களைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி.க்கு இல்லை. கட்டுப்பாட்டுப் பகுதி மட்டும் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. 24 வோல்ட் பக்கத்திலேயே பேட்டரியோடு வரும் டி.சி. யூ.பி.எஸ். ஒன்றைச் சேர்க்கலாம். முக்கியமான எந்திரமானால் இரண்டு எஸ்.எம்.பி.எஸ்.களை டையோடு மாட்யூல் வழியாக இணைத்து, ஒன்று போனால் மற்றது சுமக்கும்படி செய்யலாம். மோட்டார் நிற்கத்தான் செய்யும், ஆனால் மூளை விழித்திருக்கும், நினைவு கலையாது. இதில் ஒன்றை மட்டும் யாரும் சமரசம் செய்யக் கூடாது: கரண்ட் திரும்பியதும் எந்திரம் தானாக ஓடக் கூடாது. ஸ்டார்ட் பட்டனை ஒரு மனிதர் அழுத்தினால்தான் ஓட வேண்டும். யூ.பி.எஸ். சேர்த்த பிறகு எமர்ஜென்சி ஸ்டாப்பை ஒவ்வொன்றாகச் சோதித்த பின்பே ஆட்களை வேலைக்கு நிறுத்த வேண்டும். யூ.பி.எஸ். பேட்டரியும் 25 டிகிரியை வைத்துக் கணக்கிட்ட பொருள்தான், பேனலின் சூட்டில் அதன் ஆயுளும் பெரிதும் குறையும்.

நீண்ட நாள் மில் மூடிக் கிடப்பது எந்திரத்துக்கு ஓய்வு என்று நினைப்பவர்கள் உண்டு. பழைய மின்னணுப் பாகங்களுக்கு அதுவே சோதனைக் காலம். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது மில்கள் நின்றன. 2023 ஜூலை 15 முதல், நூல் விலை கட்டுப்படியாகாமல் தமிழ்நாட்டின் சிறு நூற்பாலைகள் தாமாகவே உற்பத்தியை நிறுத்தின. பழைய பி.எல்.சி.க்கள் பலவற்றில் புரோகிராம் அழியாத நினைவகத்தில் இல்லை, சிறிய லித்தியம் செல்தான் அதைக் காக்கிறது. கரண்ட் இருக்கும்வரை அந்த செல்லுக்கு அதிக வேலை இல்லை, மெயின் ஸ்விட்சை இறக்கிய நிமிடத்திலிருந்து முழுப் பாரமும் அதன் மேல். பேனலில் சிவப்பாக எரியும் பேட்டரி விளக்கை மாதக்கணக்கில் பார்த்தும் பாராமல் விட்ட மில், இரண்டு வாரம் மூடித் திறந்தால் வெற்று மூளையோடுதான் திறக்கும். வற்றிய கெப்பாசிட்டரும் அப்படியே: ஓடிக்கொண்டிருந்தவரை ஓடும், ஒருமுறை ஆறிவிட்டால் மறுபடி தொடங்காது.

அந்த செல்லை மாற்றும்போது எந்திரத்தின் மின்சாரத்தை நிறுத்தக் கூடாத மாடல்கள் உண்டு. கையேட்டைப் பார்த்துவிட்டு, தயாரிப்பாளர் சொல்லும் நிலையில் மட்டும் மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் புரோகிராமை நகல் எடுக்க வேண்டும். ஸ்பிண்டில் வேகம், டிராஃப்ட், லிஃப்ட் என்று திரையில் தெரியும் செட்டிங் எல்லாவற்றையும் தாளில் எழுதி வைக்க வேண்டும். நகல் எடுக்கும் மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டும் ஓடும், சீரியல் போர்ட் உள்ள லேப்டாப் வேண்டும். அந்த லேப்டாப் இப்போது மில்லில் யாரிடம் இருக்கிறது என்று இந்த வாரமே விசாரித்துவிடுவது நல்லது.

வாங்குவதிலும் காலம் நெருக்குகிறது. சீமென்ஸ் 1979-ல் கொண்டுவந்த எஸ்5 பி.எல்.சி. வரிசை என்றோ வழக்கொழிந்தது. அதன்பின் வந்து உலகெங்கும் பரவிய எஸ்7-300 வரிசையை 2023 அக்டோபரில் வழக்கமான விற்பனையிலிருந்து விலக்கி, உதிரிப் பாகமாக 2033 வரை தருவதாக அந்த நிறுவனம் அறிவித்திருக்கிறது. இப்படிக் கைவிடப்பட்ட மாடல்களுக்குப் பழைய இருப்பில் கிடைக்கும் "சீல் பிரிக்காத" பவர் சப்ளையைப் புதியது என்று நம்பி வாங்குகிறார்கள். உறைக்குள் கிடந்தாலும் கெப்பாசிட்டரின் உள்படலம் நலிந்துகொண்டேதான் இருக்கும். தயாரித்த ஆண்டைப் பார்த்து வாங்க வேண்டும். ஸ்டோரில் வைத்த உதிரிப் பெட்டியையும் இன்வெர்ட்டரையும் வருடத்துக்கு ஒருமுறையாவது எடுத்து, தயாரிப்பாளர் சொல்லும் முறையில் மின்னேற்றி, சுமை கொடுத்துப் பார்த்து, தேதியைப் பெட்டியின் மேலேயே எழுதி வைக்க வேண்டும். 24 வோல்ட் என்பது பொதுவான அளவு என்பதால், பி.எல்.சி. பழையதாகவே இருந்தாலும் தனியாக மாட்டிய பவர் சப்ளையைப் பல இடங்களில் இன்று தயாராகும் நல்ல ஒன்றால் மாற்றிவிடலாம். ஆம்பியர் குறையாமலும், 105 டிகிரி கெப்பாசிட்டர் உள்ளதாகவும் பார்த்துக் கேட்டால் போதும்.