பன்றிக் கொட்டிலில் ஆழ்படுக்கை

வடகிழக்கு மாநிலங்களில் உத்தியோகத்தின் பொருட்டோ வாணிகத்தின் பொருட்டோ குடியேறியுள்ள தமிழ் நேயர்கள், அங்குள்ள சிற்றூர்களில் வீட்டுக்கு வீடு பன்றி வளர்க்கப்படுவதைக் கண்டிருப்பார்கள். நம் ஊர்க் குடியானவருக்குக் கறவைப் பசு எப்படியோ, அப்படியே அம்மக்களுக்குப் பன்றி. பிள்ளையின் பள்ளிச் சம்பளம், வைத்தியச் செலவு, திருமணம் ஆகியவற்றுக்குக் கைகொடுக்கும் சேமிப்பு அதுவே. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவிலிருந்த சுமார் 90 லட்சம் பன்றிகளுள் ஏறத்தாழ 21 லட்சம் அசாமில் இருந்தன.

ஆயினும் இத்தொழிலில் ஒரு பெருந்தொல்லை உண்டு. கொட்டிலின் தரையை நாள்தோறும் கழுவ வேண்டும். கழுவிய நீர் மழையோடு கலந்து ஓடையிற் சேர்கிறது. நாற்றமும் ஈயும் பெருகி, அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் உண்டாகிறது. இதற்குப் பரிகாரமாக வந்ததே ஆழ்படுக்கை முறை. கொரியாவில் சோ ஹான் கியூ என்பார் பரப்பிய இயற்கை வேளாண்மையில் இது சிறப்பிடம் பெற்றது. நம் நாட்டின் வடகிழக்கு மலைப் பகுதிகளிலும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இதனைப் பரிந்துரைத்துள்ளது.

முறை எளியது. நீர் தேங்காத மேட்டில் கூரையிட்டு, இரண்டு முதல் மூன்று அடி ஆழத்துக்கு மரத்தூளும் உமியும் நிரப்பி, சிறிது தோட்டமண்ணும் உப்பும் கலக்கிறார்கள். மருந்தூட்டிய மரத்தின் தூள் ஆகாது. பின்னர் நன்மை தரும் நுண்ணுயிர்களைச் சேர்க்க வேண்டும். இவற்றை வீட்டிலேயே பெறலாம். மரப்பெட்டியில் சோற்றை இட்டு, மேலே தாளால் மூடி, மூங்கிற்புதரின் சருகுகளுக்கிடையே வைத்தால், சில நாட்களில் சோற்றின்மேல் வெண்ணிறப் பூஞ்சை படரும். அதனை வெல்லத்தோடு பிசைந்து, நீர்விட்டுக் கரைத்து, தவிட்டிற் கலந்து படுக்கையிற் பரப்புவர்.

இனி நிகழ்வதென்ன? பன்றியின் சாணத்திலும் சிறுநீரிலும் தழைச்சத்து மிகுதி. மரத்தூளிலும் உமியிலும் கரிச்சத்து மிகுதி. இரண்டும் தக்க அளவில் கூடும்போது நுண்ணுயிர்கள் அவற்றை உண்டு பெருகிக் கழிவை மக்கச் செய்கின்றன. கரிச்சத்து குறைந்தால் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகிக் கண்ணை எரிக்கும். காற்று புகாவிடினும் அழுகல் நாற்றம் எழும். மண்ணைக் கிளறுவது பன்றியின் பிறவிக்குணம். அக்குணமே இங்குக் காற்றைப் புகுத்தும் கலப்பையாகிறது. மக்கும்போது எழும் வெப்பம் மலைநாட்டுக் குளிரில் குட்டிகளுக்கு இதமளிக்கும்.

ஆனால் இப்படுக்கை தானே தன்னைப் பேணிக்கொள்ளும் என எண்ணுவது பெருந்தவறு. ஒரு கைப்பிடியை எடுத்துப் பிழிந்து பாருங்கள். உருண்டையாக நிற்கவேண்டும், நீர் சொட்டலாகாது. சொட்டினால் உலர்ந்த தூள் இடவேண்டும். பொடியாக உதிர்ந்தால் நீர் தெளிக்கவேண்டும். பன்றிகள் ஒரே மூலையிற் கழிக்குமாதலால், அவ்விடத்து ஈரத்தை அள்ளிப் பரப்பிவிட வேண்டும். தண்ணீர்த் தொட்டி படுக்கைக்கு வெளியே இருத்தல் நலம். நெருக்கமாக அடைத்தால் நுண்ணுயிர்கள் கழிவோடு ஈடுகொடுக்க மாட்டா. வெப்பமான சமவெளியில் படுக்கையின் சூடு தீங்காகும்; பன்றிக்கு வியர்த்துத் தணியும் ஆற்றல் மிகக் குறைவு. அங்கே கொட்டிலின் ஒரு பகுதியைக் குளிர்ந்த சிமென்டுத் தளமாக விடவேண்டும்.

மற்றோர் எச்சரிக்கை இன்றியமையாதது. நுண்ணுயிர்கள் துப்புரவுப் பணியாளர்களேயன்றி வைத்தியர்கள் அல்ல. 2020ஆம் ஆண்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முறையாக அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தோன்றிப் பல குடும்பங்களின் சேமிப்பை அழித்தது. இந்நோய் மனிதரைப் பற்றுவதில்லை. பற்றிய பன்றியைக் குணப்படுத்த மருந்தும் இல்லை. படுக்கை இதனைத் தடுக்கும் என நம்பி ஏமாறலாகாது. எச்சில் உணவை நன்கு கொதிக்கவைத்தே ஊட்டுதல், அயலாரைக் கொட்டிலுக்குள் விடாமை, புதிதாக வாங்கிய பன்றியைத் தனியே வைத்துக் கவனித்தல் ஆகியனவே காவல். நோய் கண்ட கொட்டிலின் படுக்கையை எருவாக வயலுக்குக் கொண்டுசெல்லாமல், கால்நடை மருத்துவர் கூறும் வண்ணம் அழிக்கவேண்டும்.

நோயின்றி நன்கு பேணிய படுக்கையோ, காலப்போக்கில் கரிய எருவாகி வயலுக்கு உரமாகும். கழுவி ஓடையில் விட்டதெல்லாம் இவ்வாறு நிலத்துக்கே திரும்புகிறது. அதற்கு நாம் தரவேண்டிய விலை, நாள்தோறும் கொட்டிலுக்குட் சென்று ஒரு பிடி படுக்கையை அள்ளிப் பார்க்கும் கவனமே.