பிள்ளை வரப்போகும் வீட்டுக்கு எந்த நாய்?



கர்ப்பிணிப் பெண்களை கிளினிக்குக்கு அழைத்து வரும் கணவன்மார் வழக்கமாக வெளியே மோட்டார் சைக்கிளில்தான் உட்கார்ந்திருப்பார்கள். எப்போதாவது உள்ளே வந்து ஏதாவது கேட்டால், அநேகமாக அது இந்தக் கேள்வியாகத்தான் இருக்கும்: "டிரெசர் ஐயா, நான் விடியக்காலையில பெரட்டுக்குப் போயிடுறேன். வீட்டில சம்சாரம் மட்டும்தான். பிள்ளை வேற வரப்போவுது. காவலுக்கு நல்ல நாயா ஒன்னு கொண்டாந்து போடலாமா?"

நியாயமான கேள்விதான். முன்பெல்லாம் லயத்தில் ஒரு பிள்ளை அழுதால் பத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். இன்று பல தோட்டங்களில் ஜனங்கள் டவுனுக்குப் போய்விட்டார்கள். வரிசையில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கடைசி வீட்டில் ஒரு பெண் நிறைமாதமாகத் தனியாக இருந்தால் பயம் வராமல் என்ன செய்யும்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய் வேண்டுமென்றால், இரண்டு வயது தாண்டிய, குணம் தெரிந்த, வளர்ந்த நாயாகப் பாருங்கள். அதுவும் ஐந்தாம் மாதம் முடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஏழாம் மாதம், எட்டாம் மாதம் என்று ஆகிவிட்டதா? இப்போது வேண்டாம். பிள்ளை நடந்து, ஓடி, நாலு வார்த்தை சொன்னால் கேட்டுக்கொள்ளும் வயதுக்கு வரட்டும். அதுவரைக்கும் கதவுக்கு நல்ல தாழ்ப்பாளும் வாசலுக்கு ஒரு விளக்கும் போடுங்கள். அதற்குச் சோறு போட வேண்டியதில்லை.

"குட்டியா கொண்டாந்தா பிள்ளையும் குட்டியும் ஒன்னா வளரும், பாசமா இருக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டாம் மாதத்தில் இரண்டு மாதக் குட்டியைக் கொண்டு வந்தால், பிள்ளைக்கு மூன்று மாதமாகும்போது குட்டிக்கு ஏறக்குறைய ஆறு மாதம். பல் விழுந்து முளைத்துக்கொண்டிருக்கும். கையில், காலில், சேலைத் தலைப்பில், எதில் கிடைத்தாலும் கடித்து இழுக்கும். பிள்ளை தவழும் நேரத்தில் அது முழு வளர்ச்சியும், பாதி புத்தியும் உள்ள காளைப்பருவத்து நாய். இதற்கு நடுவில் தையல் போட்ட உடம்போடு பத்தியத்தில் இருக்கும் தாய், ராத்திரி பிள்ளைக்கும் எழுந்திருக்க வேண்டும், குட்டி கத்தினால் அதற்கும் எழுந்திருக்க வேண்டும். குட்டியின் மூத்திரத்தையும் யாராவது துடைத்தாக வேண்டும். பாசம் வளருமோ இல்லையோ, எரிச்சல் நன்றாக வளரும். கடைசியில் அந்தக் குட்டியைப் பாசார் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறார்கள். இதை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

நம்மவர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. கண் திறந்து நாலு வாரம் ஆனதுமே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டு வந்துவிடுவார்கள். எட்டு வாரமாவது அது தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருக்க வேண்டும். விளையாட்டில் ஓங்கிக் கடித்தால் மற்றக் குட்டி கத்தும், விளையாட்டு நின்றுபோகும். தாயும் ஒரு உறுமல் உறுமும். இப்படித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று அது கற்றுக்கொள்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகாத குட்டிக்குப் பிறகு நாம் சொல்லிக் கொடுப்பது சுலபமில்லை.

சரி, வளர்ந்த நாயை எப்படிப் பார்த்து எடுப்பது? எந்த ஜாதி என்று கேட்பதைவிட, எந்த வீட்டில் வளர்ந்தது என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மூன்று நாலு வருஷம் வம்பு இல்லாமல் வளர்ந்த நம்ம கம்பத்து நாய், பணம் கொட்டி வாங்கும் அல்சேஷனைவிட மேல். வெளியூருக்கு மாறிப் போகிறவர்கள் நாயைக் கொடுக்க ஆள் தேடுவார்கள். அப்படி ஒரு வீடு கிடைத்தால் போய்ப் பாருங்கள். ஒரு தரம் போனால் போதாது, இரண்டு மூன்று தரம் போங்கள். கர்ப்பிணியும் கூடப் போகட்டும், அந்த நாயோடு இருக்கப்போவது அவர்தானே.

அங்கே போய் நாயைத் தடவுவதற்கு முன்னால் தள்ளி நின்று கவனியுங்கள். ஒரு தட்டைக் கீழே போடச் சொல்லுங்கள். திடுக்கிட்டு எழுந்து, பிறகு முகர்ந்து பார்க்க வந்தால் நல்லது. ஒரு மணி நேரம் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாலோ, சத்தம் வந்த பக்கம் பாய்ந்தாலோ அந்த நாய் வேண்டாம். அது சாப்பிடும்போது வீட்டுக்காரரைப் பக்கத்தில் நடந்து போகச் சொல்லுங்கள். நீங்கள் போக வேண்டாம். வாலை ஆட்டிக்கொண்டே தின்றால் சரி. தின்பதை நிறுத்தி, உடம்பை விறைத்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல் கண் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தால், அதுவே எச்சரிக்கை. உறுமல் அதற்குப் பிறகுதான் வரும். பூனை, கோழி ஓடினால் துரத்திப் பிடிக்கும் நாயும் இந்த வீட்டுக்கு ஆகாது. காட்டுப்பன்றி வேட்டைக்குப் போய்ப் பழகிய நாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது கெட்ட நாய் இல்லை, அதற்குக் கற்றுக்கொடுத்த தொழில் அப்படி.

ராட்வைலர் வேண்டும் என்று கேட்கும் தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. சில ஜாதி நாய்களை வைத்துக்கொள்ள நிபந்தனைகள் உண்டு, பிட்புல் வகையை நாட்டுக்குள் கொண்டு வரவே தடை. எந்த நாய்க்கும் நகராண்மைக் கழகத்திலோ மாவட்ட மன்றத்திலோ லைசென்ஸ் எடுக்க வேண்டும். அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள். திருடனைப் பயமுறுத்தக் குரைப்புச் சத்தம் போதும். நாற்பது கிலோ உடம்பு தேவையில்லை.

பெண் நாயானாலும் ஆண் நாயானாலும் கருத்தடை ஆபரேஷன் செய்ததாக இருந்தால் நல்லது. ஊர் சுற்றுவது குறையும், பருவ காலத்தில் வாசலில் பத்து நாய் வந்து சண்டை போடாது. அந்தச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கடிபட்ட பிள்ளைகளுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் பிள்ளையை எங்கே போடுகிறோம்? கைலித் தொட்டிலில். ஸ்பிரிங் மாட்டி, உத்திரத்தில் தொங்கவிட்டு ஆட்டுகிறோம். நாயின் கண்ணால் இதைப் பாருங்கள். அதன் மூக்குக்கு நேராக ஒரு துணி மூட்டை மேலும் கீழும் குதிக்கிறது. உள்ளேயிருந்து கீச்சுக் குரல் வருகிறது, பால் வாசனையும் வருகிறது. பிள்ளை என்றால் என்னவென்றே தெரியாத நாய்க்கு, அது பிடித்து இழுக்க வேண்டிய ஒரு பொருளாகத் தோன்றலாம். கோபமே இல்லாத நாய்கூட இழுத்துப் பார்க்கும். பிறந்த குழந்தையின் தலை எலும்பு எவ்வளவு மெல்லியது என்று தாய்மாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஏழாம் மாதத்திலேயே தொட்டிலைக் கட்டிவிடுங்கள். "பிள்ளை பொறக்கறதுக்கு முன்ன தொட்டில் கட்டக்கூடாது" என்று பாட்டிமார் ஆட்சேபம் சொன்னால், வெறும் கைலியைக் கட்டி, உள்ளே ஒரு தலையணையை வையுங்கள். அதைத் தொட்டில் என்று சொல்லாதீர்கள், தீர்ந்தது. தினம் பத்து நிமிஷம் ஆட்டுங்கள். கைத்தொலைபேசியில் பிள்ளை அழும் சத்தத்தைப் போடுங்கள், முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. நாய் அமைதியாகப் படுத்திருந்தால் ஒரு துண்டு ரொட்டி கொடுங்கள். பல நாள் பழக்கியும் அது தொட்டிலைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால், அந்த நாயைப் பிள்ளை வருவதற்கு முன்பே நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். இதனால்தான் ஐந்தாம் மாதத்துக்குள் நாய் வந்துவிட வேண்டும் என்று சொன்னேன்.

நாய் எங்கே படுக்கும், எங்கே தின்னும் என்பதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். பிள்ளை வந்த அன்றைக்கு வெளியே தள்ளினால் அதற்கு ஒன்றும் புரியாது. இரவும் பகலும் சங்கிலியில் கட்டிப் போடுவதும் நல்லதல்ல. சதா கட்டிக் கிடக்கும் நாய்க்கு ஓட வழியில்லை, ஆகவே கிட்டே வருவதைக் கடிக்கப் பார்க்கும். தவழும் பிள்ளைக்குச் சங்கிலியின் நீளம் தெரியுமா? வீட்டுக்குப் பின்னால் கம்பி வலை அடித்து ஓர் அடைப்புப் போடுவதுதான் சரி. பிள்ளை படுக்கும் அறைக்கு இடுப்பளவு பலகைக் கதவு போடுங்கள். எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும், அதோடு கைக்குழந்தையைத் தனியாக விட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். ஒரு நிமிஷம்கூட வேண்டாம்.

நாய் உறுமினால் அடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அடிக்காதீர்கள். "என்னால் முடியவில்லை, தள்ளிப் போ" என்று அது சொல்வதுதான் உறுமல். அடித்து அடித்து அதை நிறுத்திவிட்டால், அடுத்த தடவை சொல்லாமலே கடிக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள், நாயை வெளியே விடுங்கள், பிறகு காரணத்தைப் பாருங்கள்.

மாமியார்மார் அடிக்கடி கேட்பது நாய் முடியைப் பற்றி: "முடி பட்டா புள்ளைக்கு இழுப்பு வருமாமே?" ஸ்வீடன் நாட்டில் லட்சக்கணக்கான குழந்தைகளின் விவரங்களை வைத்து 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதல் வயதில் நாய் உள்ள வீட்டில் இருந்த குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா சற்றுக் குறைவாகவே இருந்தது. ஏற்கெனவே நாய் முடி பட்டால் மூச்சு இழுக்கிறவர் வீட்டில் யாராவது இருந்தால் அது வேறு விஷயம், டாக்டரைக் கேளுங்கள். கருவைப் பாதிக்கும் டாக்ஸோபிளாஸ்மா கிருமியைப் பற்றியும் சிலர் பயப்படுகிறார்கள். அது பூனை மலத்தின் வழியாகவும், சரியாக வேகாத இறைச்சியாலும் வருவது. நாய் வளர்ப்பதால் அந்தக் கவலை வேண்டாம்.

பயப்பட வேண்டியது புழுவுக்கு. நாயின் கொக்கிப்புழுவில் ஒரு வகை மனிதக் குடலிலும் வளரும், நம் நாட்டிலும் அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வெறுங்காலோடு மண்ணில் நடந்தால் தோலைத் துளைத்து ஏறும். கர்ப்பிணிக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு, இதில் புழு வேறு குடித்தால் என்ன ஆகும்? உருண்டைப்புழு குட்டிக்குத் தாய் வயிற்றிலேயே தொற்றிவிடுகிறது. மண்ணை அள்ளி வாயில் போடும் பிள்ளைக்கு அதன் முட்டை உள்ளே போனால், கண்ணைக்கூடப் பாதிக்கலாம். புதிய மலத்தில் உள்ள முட்டை உடனே தொற்றாது, அது முற்ற நாளாகும். அதனால் தினமும் அள்ளிப் புதைத்துவிட்டால் பெரும்பகுதி ஆபத்து போய்விடும். அந்த வேலையைக் கணவர் செய்யட்டும். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் புழு மருந்து கொடுங்கள். வாசலில் சிலிப்பர் இல்லாமல் இறங்காதீர்கள்.

உண்ணிக்கு என்று சொல்லி, ஸ்டோரில் இருக்கும் பூச்சி மருந்தைக் கலந்து நாயின் மேல் ஊற்றுகிறார்கள். அந்த விஷம் நாய்க்கு மட்டும் போகாது, அதைத் தடவுகிற கைக்கும் வரும், அந்தக் கையிலிருந்து பிள்ளை வாய்க்கும் போகும். கால்நடை கிளினிக்கில் அதற்கென்றே மருந்து கிடைக்கும். செம்பனைக் காட்டில் வைக்கும் எலி மருந்தைத் தின்றும், அதைத் தின்ற எலியைத் தின்றும் நாய்கள் ரத்தம் கக்கிச் சாகின்றன. ஆகவே அடைப்பைவிட்டு வெளியே அலைய விடாதீர்கள். பக்கத்து வீட்டில் முஸ்லிம் சகோதரர்கள் இருந்தால் நாயின் எச்சில் அவர்களுக்கு எவ்வளவு சங்கடம் என்பது உங்களுக்குத் தெரியும். நாய் கொண்டு வருவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கடைசியாக வெறிநாய்க்கடி. "நம்ம நாட்டுல அதெல்லாம் இல்லை" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நாய்களிடம் அது மறுபடியும் தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கில் பரவி, செரியான் பக்கம் சின்னப் பிள்ளைகளையே முதலில் கொண்டு போயிற்று. அங்கே அதற்குப் பிறகும் சாவுகள் நேர்ந்திருக்கின்றன. ஆகவே எங்கிருந்து வந்தது என்று தெரியாத நாயைப் பிள்ளை வரப்போகும் வீட்டில் சேர்க்காதீர்கள். நாய்க்கு எந்தெந்த ஊசி எப்போது போட வேண்டும் என்று கால்நடை டாக்டரிடம் கேட்டு, கார்டில் எழுதி வாங்குங்கள். அந்தக் கார்டைப் பிள்ளையின் கிளினிக் புத்தகத்தோடேயே வையுங்கள்.

கடித்துவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மணி பார்த்துக் கழுவுங்கள், அவ்வளவு நேரம் என்பது நினைப்பதைவிட அதிகம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். கைக்குழந்தைக்கு முகத்திலோ தலையிலோ பட்டிருந்தால் எங்கள் கிளினிக்கில் நிற்க வேண்டாம், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணியைக் கடித்தாலும் வெறிநாய்க்கடி ஊசியைத் தாராளமாகப் போடலாம், வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. அந்தப் பயத்தில் ஊசி வேண்டாம் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். கோபத்தில் நாயை அடித்துக் கொன்று புதைத்துவிடுவதும் கூடாது. அதைப் பத்திரமாக அடைத்து வைத்துக் கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். 10 நாள் உயிரோடு இருந்து பார்த்தால்தான் அதற்கு வெறி இருந்ததா என்று டாக்டருக்குத் தெரியும். அந்த 10 நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள், முதல் ஊசி கடித்த அன்றைக்கே.