பிஞ்சுடலும் அன்னையின் கையும்

பச்சிளங் குழந்தையை நீட்டிய கால்களின்மேற் கிடத்தி, எண்ணெய் பூசி, உடலை மெல்ல உருவி, இளஞ்சூட்டு நீரிற் குளிப்பாட்டுதல் நம் இல்லங்களில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். இதனை வீண்வேலை எனக் கருதும் இளந்தாய்மாரும் உளர். பாட்டிமார் செய்வன யாவும் நன்றே என நம்புவோரும் உளர். இவ்விரு சாராரும் அறியவேண்டிய செய்திகள் சில உண்டு.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோல் ஷான்பேர்க் என்னும் அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் எலிக்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து ஆராய்ந்தனர். பிரிந்திருந்த குட்டிகளின் இரத்தத்தில், வளர்ச்சியைத் தூண்டும் சுரப்பு குறைந்துவிடுதலை 1978ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பின்னர், தாயெலி நாவால் நக்குவது போல ஈரத் தூரிகையால் அக்குட்டிகளை வருடியபோது, குறைந்த சுரப்பு மீண்டும் பழைய நிலையை எய்தியது.

எலிக்கு உதவியது மனிதக் குழந்தைக்கும் உதவுமோ? மயாமி நகரில் டிபனி பீல்ட் அம்மையாரும் பிறரும் 40 குறைமாதக் குழந்தைகளைக் கொண்டு ஆராய்ந்து 1986இல் இதற்கு விடை தந்தனர். அவர்களுள் 20 குழந்தைகளுக்கு, நாளொன்றுக்கு மும்முறை, முறைக்கு 15 நிமிடமாகப் பத்து நாட்கள் உடலை வருடிக் கைகால்களை மடக்கி நீட்டினர். இரு கூட்டத்தாரும் அருந்திய பாலின் அளவில் வேறுபாடில்லை. ஆயினும் வருடப்பெற்ற குழந்தைகளின் நிறை, ஏனையோரின் நிறையைவிட நாள்தோறும் 47 வீதம் கூடுதலாக ஏறியது. அவர்கள் ஆறு நாட்கள் முன்னதாகவே வீடு சென்றனர்.

ஓரளவு அழுத்தத்துடன் உருவும்போது, மூளையிலிருந்து வயிறுவரை செல்லும் வேகஸ் என்னும் நரம்பு சுறுசுறுப்படைகின்றது. இரைப்பையின் அசைவு கூடுகின்றது. நுனிவிரலாற் கூச்சமுண்டாகத் தடவுதல் இப்பயனைத் தருவதில்லை. எனினும், இத்துறை ஆய்வுகள் சிலவற்றின் முறைகளிற் குறைகள் உண்டென்று 2004இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு எச்சரித்தது. ஆகவே உருவுதலை நோய்தீர்க்கும் மருந்தென எண்ணுதல் தவறு. வளர்ச்சிக்குத் துணைபுரியும் பணிவிடை என்று கொள்ளுதலே பொருத்தம்.

இனி, விலக்கவேண்டியவை யாவை? மூக்கிலும் காதிலும் வாயிலும் எண்ணெய் விடுதல் ஆகாது. மூக்கில் அல்லது வாயில் விட்ட எண்ணெய் மூச்சுக்குழல் வழியாக நுரையீரலை அடைந்து கடும் அழற்சியை விளைவிக்கும். தலையை உருண்டையாக்கவும் மூக்கை எடுப்பாக்கவும் அழுத்துதலும், குழந்தையைத் தலைகீழாகத் தூக்குதலும் அபாயமானவை. பிறந்த குழந்தையின் மார்பு வீங்கியிருப்பின், பாலைப் பிதுக்கி எடுக்கும் வழக்கம் சீழ்க்கட்டியிற் கொண்டுபோய் விடும். அவ்வீக்கம் தானாகவே வற்றிவிடும்.

உருவும் முறை எளியது. மோதிரம், வளையல்களைக் கழற்றி, நகங்களை வெட்டி, கைகளைக் கழுவிக்கொள்ளுங்கள். காற்றடியாத, வெதுவெதுப்பான இடமாகப் பாருங்கள். பாலூட்டிய உடனே வேண்டாம். சிறிது தேங்காயெண்ணெயை உள்ளங்கையிற் சூடுபறக்கத் தேய்த்து, கால், கை, மார்பு, முதுகு என நிதானமாக உருவுங்கள். குழந்தை முகஞ்சுளித்தாலோ அழுதாலோ நிறுத்திவிடுங்கள். காய்ச்சலோ தோலிற் புண்ணோ இருப்பின் தவிர்த்துவிடுங்கள். குறைமாதக் குழந்தையாயின், வைத்தியரையோ மருத்துவமாதுவையோ முதலிற் கேட்டறிதல் இன்றியமையாதது.

இதன் பயன் குழந்தையுடன் நின்றுவிடுவதில்லை. மகப்பேற்றின் பின் மனச்சோர்வுற்ற தாய்மார் சிலருக்கு இலண்டனில் இப்பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்கள் தம் குழந்தைகளுடன் கூடுதலாக ஒட்டிப் பழகலாயினர் என 2001இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. எனவே, தாய் களைத்திருக்கும் வேளையிலே தந்தையும் இப்பணியை ஏற்கலாம். நாள்தோறும் கால்மணி நேரம் போதும். இதற்குப் பெருஞ்செலவும் இல்லை.