பற்றவைப்பும் இரும்பின் களைப்பும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கருநாடக எல்லையை ஒட்டியுள்ள ஓசூர், ஒரு தலைமுறைக்குள் பெருந்தொழில் நகராக வளர்ந்துவிட்டது. சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது. 1980ஆம் ஆண்டில் அசோக் லேலண்டு லாரித் தொழிற்சாலை அமைந்தது. இத்தொழில்களுக்கெல்லாம் இன்றியமையாதது இரும்பைப் பற்றவைக்கும் வேலை. பெரிய தொழிற்சாலைகளில் பற்றவைத்த இடங்களைச் சோதிக்கக் கருவிகளும் ஆட்களும் உண்டு. ஆனால் விவசாயியின் டிராக்டர் டிரெய்லரைச் செப்பனிடும் சாலையோரப் பட்டறையில் வெல்டரின் கைத்திறன் ஒன்றே காவல். ஆகவே இவ்வேலையின் நுட்பத்தைக் கிராம மக்களும் அறிதல் நலம்.

இரும்பும் களைக்குமா?

ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் ஒடிவதில்லை. திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடுகிறது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அன்றோ! தாங்கக்கூடிய சுமையே ஆயினும், அது பன்முறை ஏறி இறங்கும்போது இரும்பில் நுண்ணிய வெடிப்புத் தோன்றி வளர்கிறது. இதையே விஞ்ஞானிகள் உலோகக் களைப்பு என்பர். பற்றவைத்த தழும்பும் தகடும் கூடும் ஓரமே இவ்வெடிப்புப் பெரும்பாலும் பிறக்கும் இடம்.

1980 மார்ச் 27ஆம் நாள், நார்வே நாட்டைச் சார்ந்த வடகடலில் 'அலெக்சாண்டர் கீலாண்ட்' என்னும் மிதக்கும் எண்ணெய்த்துறை மேடை கவிழ்ந்து 123 பேர் மாண்டனர். மேடையின் குறுக்குத் தண்டு ஒன்றில் சிறு கருவி ஒன்றைப் பொருத்துவதற்காக இட்ட 6 மில்லிமீட்டர் பற்றவைப்பிலிருந்து களைப்பு வெடிப்புத் தொடங்கியதென விசாரணையில் தெரிந்தது. பெருஞ்சுமையைத் தாங்காத சிறு பற்றவைப்பே பெருமேடையைச் சாய்த்தது.

பல நாடுகளின் கூட்டு முயற்சி

களைப்பை ஆராய ஒரே இணைப்பின் மீது சுமையை 20 லட்சம் முறைக்கு மேலும் ஏற்றி இறக்கிப் பார்க்கவேண்டும். இத்தகைய சோதனைகள் பலவற்றை ஒரு நாடு தனித்துச் செய்தல் அரிது. 1948இல் 13 நாடுகள் கூடி நிறுவிய சர்வதேசப் பற்றவைப்புக் கழகம், இதற்கெனத் தனிக் குழு அமைத்து, பல நாட்டு முடிவுகளைத் தொகுத்து வழிகாட்டி நூல் வெளியிட்டுள்ளது. அக்கழகத்தின் ஆண்டுப் பேரவை 2011இல் சென்னையில் நடைபெற்றது. அதற்கு முன்னரே, 1975இல், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தில் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஆராய்ச்சியும் பயிற்சியும் அங்கு ஒருங்கே நடைபெறுகின்றன.

இவ்வாராய்ச்சிகள் காட்டும் உண்மைகளுள் மூன்று நமக்கு முக்கியமானவை. பற்றவைத்த இணைப்பில் ஏறி இறங்கும் அழுத்தம் இருமடங்கானால், அதன் ஆயுள் ஏறத்தாழ எட்டில் ஒன்றாகக் குறைகிறது. உயர்ந்த விலையுள்ள வலிய எஃகை வாங்கினாலும், பற்றவைத்தபடியே விட்டால் களைப்பைத் தாங்கும் ஆற்றல் கூடுவதில்லை. தழும்பின் ஓரத்தை முறையாகத் தேய்த்து மழமழப்பாக்கினால் ஆயுள் நீடிக்கிறது.

பயிற்சியின் பயன்

ஓரத்தில் பள்ளம் விழாமலும், உள்ளே கசடு தங்காமலும் பற்றவைப்பது பயிற்சியால் வருவது. ஓசூர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் போன்றவற்றில் எட்டாம் வகுப்புத் தேறியவரும் வெல்டர் தொழிலைக் கற்கலாம். பயிற்சிக்குப் பின் சர்வதேசத் தர அமைப்பின் 9606ஆம் தரப்படி தேர்வு பெற்றால், அத்திறன் பிற நாடுகளிலும் மதிக்கப்படும்.

நாம் செய்ய வேண்டுவன

டிரெய்லர்ச் சட்டத்தில் சுமை மிகுதியாக விழும் இடங்களில் கொக்கி, வளையம் முதலியவற்றைக் கண்டபடி பற்றவைத்தல் கூடாது. அளவுக்கு மேல் பாரம் ஏற்றலாகாது. பற்றவைத்த ஓரங்களில் மயிரிழை போன்ற துருக்கோடு தெரிந்தால் உடனே சோதிக்கவேண்டும். வெடிப்பின் மேலேயே மீண்டும் பற்றவைப்பது புண்ணை மூடி வைப்பது போலாகும். வெடிப்பை அடிவரை தேய்த்து நீக்கியபின்னரே பற்றவைக்கவேண்டும். பள்ளி ஊஞ்சல், நீர்த்தொட்டி ஏணி ஆகியவற்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஆண்டுதோறும் பார்வையிடுதல் அவசியம். அவ்வேலைகளைப் பயிற்சி பெற்ற வெல்டரிடமே ஒப்படைத்து, ஊர் இளைஞர்களையும் அப்பயிற்சிக்கு அனுப்புவோமாக.