முதுமையும் பொலிவும்

மக்களுக்கு முதுமை வருவது போலவே கட்டடங்களுக்கும் முதுமை வருகின்றது. சில கட்டடங்கள் ஆண்டுகள் செல்லச் செல்லப் பொலிவு பெறுகின்றன; வேறு சிலவோ பெரும்புகழ் எய்தியும் மறைந்துவிடுகின்றன. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆசியப் பெருவிடுதிகள் இரண்டின் வரலாற்றால் அறியலாம்.

ஜப்பானின் தலைநகராகிய டோக்கியோவில், அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் என்பவர் இம்பீரியல் விடுதியை அமைத்தார். 1923ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாள் அதன் திறப்பு விழா நிகழவிருந்தது. அன்று நண்பகலில் கொடிய நிலநடுக்கம் நகரைத் தாக்கியது. வீடுகள் சரிந்தன, எங்கும் தீ பரவியது, அவ்வட்டாரத்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். இம்பீரியல் விடுதியோ சிறு சேதத்துடன் நிலைத்து நின்றது. அதன் புகழ் உலகெங்கும் பரவியது.

ஆயினும், ஒருநாள் அதிர்ச்சியைத் தாங்கிய அவ்விடுதி, நாள்தோறும் நேர்ந்த தேய்வைத் தாங்கவில்லை. அதன் கடைக்கால் சேற்று நிலத்தில் ஆழமின்றி இடப்பட்டிருந்தது. ஆகவே கட்டடம் ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் அமிழலாயிற்று. வேலைப்பாடுகள் செதுக்கப்பெற்ற ஓயாக் கல் மென்மையானது. நகரின் புகையால் அது அரிக்கப்பட்டது. நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே சென்றது. உயர்ந்த மாடிக் கட்டடம் எழுப்பினால் மிகுதியான அறைகள் கிடைக்குமென உரிமையாளர் கருதினர். பலர் எதிர்த்தும் பயனில்லை. 1968ஆம் ஆண்டில் அவ்விடுதி முற்றும் மறைந்தது. அதன் முன்மண்டபம் மட்டும் மெய்ஜி முரா என்னும் திறந்தவெளிக் காட்சிச்சாலையில் மீண்டும் அமைக்கப்பட்டுள்ளது.

இனிச் சிங்கப்பூரின் ராபிள்ஸ் விடுதியைக் காண்போம். ஆர்மீனிய மரபினரான சார்க்கீஸ் உடன்பிறந்தார் 1887ஆம் ஆண்டில் பத்து அறைகள் கொண்ட கடற்கரை வீட்டில் அதனைத் தொடங்கினர். 1899இல் முதன்மைக் கட்டடம் எழுந்தது. அதன் உயர்ந்த கூரையும் அகன்ற தாழ்வாரங்களும் வெப்ப நாட்டிற்குப் பெரிதும் ஏற்றவை. அதற்கும் இடர்கள் நேராமலில்லை. 1930களில் அது கடனில் ஆழ்ந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கைப்பட்டது. கடல் தூர்க்கப்பட்டமையால் கரையும் விலகிச் சென்றது. எனினும் 1987இல் அரசு அதனைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. 1989 முதல் 1991 வரை விடுதியை மூடிச் செப்பனிட்டனர். இடையில் மறைந்த இரும்பு முகப்பை மீண்டும் அமைத்தனர்; முகப்பை மறைத்து நின்ற நடன மண்டபத்தை நீக்கினர். 2017 முதல் 2019 வரை மீண்டும் ஒருமுறை செப்பனிட்டனர்.

நிலநடுக்கத்தை வென்ற மாளிகை இன்று அதன் இடத்தில் இல்லை; பத்து அறைகளுடன் தோன்றிய விடுதியோ இன்றும் விருந்தினரை வரவேற்கின்றது. கட்டடத்தின் வலிமை மட்டும் அதனைக் காவாது. நிலத்திற்கேற்ற அமைப்பும், இடையறாத பராமரிப்பும், காக்க வேண்டும் என்னும் மக்களின் உறுதியும் ஒருங்கு சேர்ந்தால்தான் முதுமை பொலிவாக மாறும்.