கல்லூரி மாறும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்
கூடைப்பந்து ஆடும் மாணவிகளும் அவர்களின் பெற்றோரும் அறிய வேண்டியவை

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர் ரெங்கம். இங்கே எஸ்பிஎம் தேர்வை முடிக்கும் பிள்ளைகளில் பலர் மேற்படிப்புக்கு ஊரை விட்டுப் போகிறார்கள். கூடைப்பந்தில் மாநில அளவுக்கு ஆடிய மாணவிக்கு, தனியார் கல்லூரி ஒன்று விளையாட்டு உபகாரச் சம்பளத்தோடு இடம் கொடுக்கலாம். ஓராண்டு போனதும் வேறொரு கல்லூரியின் பயிற்சியாளர் கூப்பிடுவார்: "எங்களிடம் வாம்மா. கட்டணம் கிடையாது, விடுதியும் உண்டு."

மாறுவதில் தவறில்லை. நல்ல பயிற்சியும் நல்ல படிப்பும் தேடிப் போவது அவளுடைய உரிமை. ஆனால் முதல் கல்லூரியில் போட்ட கையெழுத்து அவளைவிட அவள் அப்பாவைத்தான் அதிகம் பாதிக்கக்கூடும். பல குடும்பங்களுக்கு இது பணம் கேட்டுக் கடிதம் வந்த பிறகே தெரிய வருகிறது.

17 வயதில் போட்ட கையெழுத்தும் செல்லும்

மலேசியாவில் 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. உபகாரச் சம்பள ஒப்பந்தம் இதற்கு விதிவிலக்கு. 1976ஆம் ஆண்டின் ஒப்பந்த (திருத்த) சட்டப்படி, அரசாங்கத்தோடோ கல்வி நிறுவனத்தோடோ செய்துகொண்ட உபகாரச் சம்பள ஒப்பந்தத்தை, "அப்போது எனக்கு வயது வரவில்லை" என்று சொல்லி மறுக்க முடியாது.

அதே சட்டத்தில் இன்னொரு கடுமையான விதியும் உண்டு. மாணவி ஒப்பந்தத்தை மீறினால், அதில் குறிப்பிட்டுள்ள தொகை முழுவதையும் கட்ட வேண்டும். கல்லூரி தனக்கு உண்மையில் எவ்வளவு நட்டம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஜாமீன் கையெழுத்துப் போட்டவரும் சேர்ந்தே பொறுப்பாவார். தோட்டத்தில் வேலை செய்யும் அப்பாவோ, பக்கத்து வீட்டு மாமாவோ "ஒரு கையெழுத்துதானே" என்று போட்டுக் கொடுத்திருந்தால், அந்தக் கடன் அவர்கள் வீட்டுக்கும் வரும்.

ஆகவே முதலில் பழைய ஒப்பந்தத்தை எடுத்து, நான்கு விஷயங்களைத் தேடுங்கள். பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? எத்தனை மாதத்துக்கு முன் அறிவிக்க வேண்டும்? காயத்தால் ஆட முடியாமல் போனால் உதவி தொடருமா? வேறு கல்லூரிக்கு ஆடத் தடை உண்டா? மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதியிருப்பது புரியாவிட்டால், விவரம் தெரிந்த ஆசிரியரிடமோ சட்ட உதவி இலாகாவிலோ கேளுங்கள்.

அமெரிக்க விதி இங்கே இல்லை

அமெரிக்காவில் என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பு, இடம் மாற விரும்பும் வீரர்களுக்கான பதிவு முறையை 2018இல் கொண்டுவந்தது. படிப்பில் தகுதி குறையாதவர் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்று 2024இல் விதியைத் தளர்த்தியது. இணையத்தில் இதைப் பார்த்துவிட்டு இங்கும் அப்படித்தான் என்று நம்பிவிட வேண்டாம். இங்கே உங்களைக் கட்டுப்படுத்துவது நீங்கள் ஒப்பமிட்ட தாளும், நீங்கள் ஆடும் போட்டியின் தகுதி விதிகளும்தான். வெளிநாட்டு அணிக்குப் போவதென்றால், அனைத்துலகக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபீபாவின் விதிப்படி விடுவிப்புக் கடிதம் வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் நாடு மாறி ஆடுவதை ஃபீபா சில விதிவிலக்கான சூழல்களில் மட்டுமே அனுமதிக்கிறது.

படிப்பில் எவ்வளவு மிஞ்சும்?

படித்த பாடங்கள் எல்லாம் புதிய கல்லூரிக்குத் தானாக வந்து சேரா. மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனத்தின் (எம்.க்யூ.ஏ.) வழிகாட்டுதலில், ஒரு பாடத்தின் கிரெடிட் புள்ளி புதிய கல்லூரிக்கு மாற்றப்பட வேண்டுமானால் அதில் குறைந்தது 'சி' தேர்ச்சி இருக்க வேண்டும், இரு கல்லூரிப் பாடங்களின் உள்ளடக்கமும் 80 விழுக்காடாவது ஒத்திருக்க வேண்டும். பயிற்சி, போட்டி என்று அலைந்து 'டி' வாங்கிய பாடத்தை மீண்டும் படிக்க நேரலாம். எந்தெந்தப் பாடங்களை ஏற்பார்கள் என்று புதிய கல்லூரி எழுதிக் கொடுக்கட்டும். அந்தப் படிப்பு எம்.க்யூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா என்பதை அதன் இணையத்தளத்தில் நீங்களே பார்க்கலாம்.

பிடிபிடிஎன் கல்விக் கடன் வாங்கியிருந்தால் மாறுவதற்கு முன்பே அவர்களிடம் பேசுங்கள். போட்டிச் சான்றிதழ்களையும் பத்திரப்படுத்துங்கள். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான யூபியு மதிப்பீட்டில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு உண்டு. விளையாட்டாளர்களுக்கெனத் தனி வழியும் உண்டு.

உடலும் பாதுகாப்பும்

முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிவது கூடைப்பந்தில் அடிக்கடி நேரும் காயம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் களம் திரும்பப் பெரும்பாலும் 9 மாதமாவது ஆகும். அந்தச் செலவை யார் ஏற்பது, அந்த மாதங்களில் கட்டணத்தை யார் கட்டுவது என்பதும் புதிய ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

அடையாள அட்டையையோ கடப்பிதழையோ யாரிடமும் பிணையாகக் கொடுக்காதீர்கள். சான்றிதழ்களின் நகலே போதும்.

"அணியில் இடம் வேண்டுமானால்" என்று தொடங்கும் எந்தத் தவறான பேச்சையும் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. 2017ஆம் ஆண்டின் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், பயிற்சியாளரை நம்பிக்கைக்குரிய உறவில் இருப்பவராகக் கருதுகிறது. 18 வயதுக்குக் குறைந்தவரிடம் அவர் தவறு செய்தால், குற்றத்துக்கான தண்டனையோடு மேலும் 5 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதும் குற்றமே. வயது வந்தவர்கள் 2022ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் நடுவர் மன்றத்தை நாடலாம். அது 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க முடியும். அவசர உதவிக்கு தாலியான் காசே 15999 எண்ணை அழையுங்கள்.

தகராறு வந்தால்

முதலில் கல்லூரிக்கு எழுத்துமூலம் முறையிட்டு, கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் கல்லூரி உங்களைப் பற்றி வைத்திருக்கும் விவரங்களைக் கேட்டுப் பெற 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உரிமை தருகிறது.

கட்டிய பணத்துக்குரிய சேவை கிடைக்கவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டியதில்லை. விளையாட்டுச் சங்கத்தோடு சிக்கல் என்றால், 1997ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி முதலில் சங்கத்தின் உள்முறையீடு. அதிலும் தீராவிட்டால் விளையாட்டுத்துறை அமைச்சர் வரை கொண்டுபோகலாம்.

கூடைப்பந்தில் நம் பெண்கள் மேலே வர முடியும். கலைமதி ராஜிந்திரன் மலேசியத் தேசிய அணிக்கே ஆடியிருக்கிறார். ரெங்கத்துப் பிள்ளைக்கும் அந்த வழி உண்டு. அந்த வழியில் அவள் கடனாளியாகாமலும் படிப்பை இழக்காமலும் போக வேண்டும். பயிற்சியாளர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் நாளை வேறு வேலைக்குப் போய்விட்டால் அவர் வாய்ச்சொல்லும் அவரோடு போய்விடும். பெற்றோரே, புதிய கல்லூரியின் சேர்க்கைக் கடிதமும் பழைய கல்லூரியின் விடுவிப்புக் கடிதமும் கைக்கு வரும் வரை, இப்போது படிக்கும் இடத்திலிருந்து உங்கள் மகளை விலகவிடாதீர்கள்.