பேய்க்கோட்டைக்கு இசை அமைத்த இருவர்!

பாட்டு என்றால் காதுக்கு இனிமையாக இருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் தொண்டை கிழிய அலறுவதையே பாட்டு என்று கொண்டாடும் ரசிகர்களும் உலகில் இருக்கிறார்கள்!

அந்தப் பாட்டுக்கு "பிளாக் மெட்டல்" என்று பெயர். மின்சாரக் கிதார் புயல் போல இரையும். டிரம் இடி போல முழங்கும். பாடுகிறவர் பேய் பிடித்தவர் போலக் கத்துவார். 1990-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நார்வே நாட்டில் இந்த இசை பெரிதாக வளர்ந்தது.

இந்த அலறலை வைத்தே ஒரு மாயக்கதை உலகத்தைக் கண்முன் நிறுத்தினார்கள் இரண்டு பேர். ஆஸ்திரியா நாட்டின் தலைநகரமான வியன்னாவைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய குழுவின் பெயர் "சம்மனிங்". "வரவழைத்தல்" என்று பொருள்.

பேராசிரியர் எழுதிய கதை

அவர்கள் வரவழைத்தது யாரை? டோல்கீன் என்ற ஆங்கில எழுத்தாளர் படைத்த வீரர்களையும் பூதங்களையும்தான்!

டோல்கீன் 1892-ல் பிறந்தவர். 4 வயதில் தந்தையை இழந்தார். 12 வயதில் தாயும் போய்விட்டார். முதல் உலகப் போரில் 1916-ல் பிரான்சு நாட்டுப் போர்க்களத்தில் நின்றார். பள்ளிக்கூடத்தில் அவரோடு உயிருக்கு உயிராகப் பழகிய நண்பர்கள் இருவர் அந்த ஆண்டிலேயே மாண்டார்கள். அவரோ காய்ச்சலில் விழுந்து ஊர் திரும்பினார்.

பிறகு ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் ஆனார். "மோதிரங்களின் தலைவன்" என்ற பெருங்கதையை எழுதினார். 1954, 1955-ம் ஆண்டுகளில் அது 3 பாகங்களாக வெளிவந்தது. கதையில் செத்தவர் முகங்கள் தண்ணீருக்குள் தெரியும் ஒரு சதுப்பு நிலம் வருகிறது. போர்க்களத்தில் கண்ட காட்சியின் சாயல் அதில் உண்டு என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

ஒரே புத்தகம்; இரண்டு வழி

இந்தப் புத்தகம் பிளாக் மெட்டல் இளைஞர்களை மயக்கியது. நார்வேயில் ஒருவர் தம் இசைக்கு "பர்சம்" என்று பெயர் வைத்தார். டோல்கீன் கதையில் தீயவர்கள் பேசும் மொழியில் அதற்கு "இருள்" என்று பொருள்.

பெயரோடு நின்றாரா? இல்லை. தேவாலயங்களுக்குத் தீ வைத்தார். 1993-ல் இன்னொரு இசைக் கலைஞரைக் குத்திக் கொன்றார். மறு ஆண்டு அவருக்கு 21 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. பிளாக் மெட்டல் என்றாலே மக்கள் அஞ்சினார்கள்.

அதே 1993-ல்தான் வியன்னாவில் சம்மனிங் குழு பிறந்தது. இருளைப் பற்றிப் பாடினால் இருட்டு வேலை செய்தாக வேண்டுமா? தேவையில்லை என்று காட்டினார்கள் இவர்கள். இருளைக் கதையிலேயே நிறுத்திக்கொண்டார்கள். இந்த இசையில் இனவெறியைக் கலக்க முயன்றவர்களையும் வெளிப்படையாக எதிர்த்தார்கள்.

டிரம் போயிற்று!

1995-ல் முதல் இசைத்தட்டு வந்தது. அதன் பிறகு டிரம் அடித்தவர் குழுவில் இல்லை.

தவில் இல்லாமல் நாதசுரக் கச்சேரி நடக்குமா? டிரம் இல்லாத பிளாக் மெட்டல் குழுவின் கதியும் அதுதான். மீதி இருந்தவர்கள் இரண்டே பேர். "புரொடெக்டர்", "சைலீனியஸ்" என்பவை அவர்கள் வைத்துக்கொண்ட புனைபெயர்கள்.

அவர்கள் வேறு ஆள் தேடவில்லை. குழுவைக் கலைக்கவும் இல்லை. மின்சார இயந்திரத்தில் டிரம் ஓசையை அமைத்தார்கள். வேகத்தைக் குறைத்தார்கள். படை நடக்கும்போது முழங்கும் போர் முரசு போல அது ஒலித்தது. கீபோர்டில் எக்காளம், கொம்பு போன்ற ஓசைகளை எழுப்பினார்கள். ஒரு மெட்டு மெதுவாகத் தொடங்கும். திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் இன்னொரு ஓசை அதன் மேல் ஏறும். அலறல் எங்கோ மலைக்கு அப்பாலிருந்து வருவது போலக் கேட்கும்.

இது துணிச்சலான காரியம். வேகத்தையே பெரிதாக மதிக்கும் ரசிகர்கள், "இயந்திரம் வாசிப்பதா?" என்று ஒதுக்கிவிடலாம் அல்லவா?

நிலாக் கோபுரம்

அதே 1995-ல் இரண்டாவது இசைத்தட்டு வெளிவந்தது. பெயர் "மினாஸ் மோர்குல்".

அது கதையில் வரும் ஒரு கோட்டை. முதலில் அதன் பெயர் "நிலாக் கோபுரம்". இசில்தூர் என்ற அரசகுமாரன் கட்டியது. நிலவொளியில் வெள்ளைவெளேர் என்று மின்னும். ஒருநாள் 9 பேய் வீரர்கள் படையோடு வந்து வளைத்தார்கள். 2 ஆண்டு முற்றுகைக்குப் பின் கோட்டை விழுந்தது. அன்று முதல் அது "மாந்திரீகக் கோபுரம்". அதுதான் மினாஸ் மோர்குல்!

செத்தவர்கள் காக்கும் பாதையில் துணிந்து செல்லும் படை. வெளிச்சத்தைக் குடிக்கும் ராட்சதச் சிலந்தி. திடீர் நெருப்பில் வெந்த போர்க்களம் - இவற்றுக்கெல்லாம் அதில் பாட்டு உண்டு.

இந்தக் கதை பெரிய திரைப்படமாகி உலகைக் கலக்கியது 2001-ல்தான். அதற்கு 6 ஆண்டு முன்பே இவர்கள் ஓசையாலேயே படம் காட்டிவிட்டார்கள்!

ஒதுக்கினார்களா?

இல்லை. ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இயந்திர முரசே குழுவின் அடையாளம் ஆகிவிட்டது. 2006-ல் வந்த இசைத்தட்டில், கதையில் வரும் பூதங்களின் மொழியிலேயே ஒரு பாட்டைப் பாடினார்கள். 2018-ல் எட்டாவது இசைத்தட்டு வந்தது. இவர்களைப் பார்த்து மற்ற நாடுகளிலும் இளைஞர்கள் இதே பாணியில் இசை அமைத்தார்கள்.

இவர்கள் மேடை ஏறிக் கச்சேரி செய்வதில்லை. இசைத்தட்டில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

டோல்கீன் 1973-லேயே காலமாகிவிட்டார். இந்த அலறல் அவர் காதில் விழவில்லை. கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பாரோ, என்னவோ! ஆனால் அவர் கட்டிய கோட்டைக்கு முரசு கொட்ட இரண்டு பேர் வந்துவிட்டார்கள். டிரம் அடித்தவர் போன பிறகும் முரசு ஓயவில்லை.